கலக்கிக்கும் தடை உண்டா?

பெறுநர்: ஆணையர், உணவுப் பாதுகாப்புத் துறை, சென்னை.

பொருள்: கோழியிலும் முட்டையிலும் குடியிருக்கும் கிருமிகளுக்குத் தங்கள் ஆணையின் நகல் சார்வு செய்யப்பட்டதா என அறிய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

மனுதாரர் நாமக்கல்காரர். சொந்தப் பண்ணை இல்லாதவர். பண்ணைக்காரர்களுக்கு நடுவே முட்டை தின்று ஆளானவர். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடைசெய்து துறை வெளியிட்ட ஆணையை எழுத்தெண்ணிப் படித்தார். சால்மோனெல்லா டைஃபிமூரியம், சால்மோனெல்லா என்டரிடிடிஸ், ஈ.கோலி, லிஸ்டீரியா என்று கிருமிகளின் பெயர்கள் எஃப்.ஐ.ஆர். போடுகிற சுத்தத்தோடு அதில் இருந்தன. குற்றவாளிகள் இன்னார் என்று தெரிந்துவிட்டது. உள்ளே போனது மட்டும் மயோனைஸ்.

மனுதாரரின் முதல் சந்தேகம் கலக்கி பற்றியது. சேலம், நாமக்கல் பரோட்டாக் கடைகளில் முட்டையை உடைத்து, உப்பும் மிளகும் கொஞ்சம் சால்னாவும் விட்டு அடித்து, கல்லில் ஊற்றிய கையோடு சுருட்டித் தருவார்கள். உள்ளே கொழகொழவென்று இருந்தால்தான் கலக்கி; வெந்துவிட்டால் மாஸ்டருக்குத் திட்டு விழும். சால்மோனெல்லா என்டரிடிடிஸோ கோழியின் சினைப்பையில் இருந்துகொண்டு, ஓடு மூடுவதற்கு முன்பே முட்டைக்குள் புகுந்துவிடக்கூடியது. அப்புறம் ஓட்டை எவ்வளவு கழுவித் துடைத்தாலும் பயனில்லை. எண்ணெயோடு அடித்தால் குற்றம், சால்னாவோடு அடித்தால் குற்றமில்லை என்று அந்தக் கிருமிக்கு எடுத்துச் சொன்னவர் யார்? (ஆஃப் பாயில் ரசிகர்கள் மகிழ வேண்டாம். அவர்கள் பெயரும் மனுவில் இருக்கிறது.)

சிரிக்க முடியாத பகுதி இனி வருகிறது. 2023 செப்டம்பரில் நாமக்கல் உணவகம் ஒன்றில் சாப்பிட்ட 40-க்கும் மேற்பட்டவர்கள் வாந்தி பேதியோடு மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். அங்கே ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்துபோனாள். கைது நடந்தது, மாவட்டத்தில் ஷவர்மாவுக்கும் கிரில் சிக்கனுக்கும் தற்காலிகத் தடை வந்தது, கடை கடையாகச் சோதனை போனது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் 16 வயது மாணவி ஷவர்மா சாப்பிட்டு இறந்தபோதும் கைதும் சோதனையும் நடந்தன. அங்கே ஷிகெல்லா என்ற கிருமி அகப்பட்டது.

ஷவர்மாக் கம்பியில் குத்திய கறி வெளிப்புறம் வெந்துகொண்டிருக்கும்போது உள்ளே வெதுவெதுப்பாகவே இருக்கும். கூட்டம் முட்டினால் வேகாத அடுக்கையும் கத்தி சீவிவிடும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் பெருகும். தோதான சூடு கிடைத்தால் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். நடுக்கறி 75 டிகிரியைத் தொட்டால் சால்மோனெல்லாவும் கேம்பைலோபாக்டர் என்ற இன்னொரு கிருமியும் மாண்டுபோகும். உரிமத் தாளைப் புரட்டும் அலுவலர், பையில் ஒரு தெர்மாமீட்டரும் வைத்திருந்து கறியில் குத்திப் பார்க்கலாம்.

எங்கள் மாவட்டத்துப் பள்ளிப்பாளையம் சிக்கனுக்கு அந்தச் சோதனையே வேண்டாம். கறியைப் பொடியாக நறுக்கி, வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டு, எண்ணெயில் சுருளச் சுருள வதக்குகிறார்கள். அதில் தப்பிக்கும் கிருமி இனிமேல்தான் பிறக்க வேண்டும். ஆனால் அந்தப் பச்சைக் கறி கிடந்த பலகையிலேயே பரோட்டாவுக்கு வெங்காயம் அரிந்தால், வதக்கிய புண்ணியமெல்லாம் வீண்.

சட்டம் இன்னும் சுவாரசியமானது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், அதன் 18(3) பிரிவின்படி, விவசாயிக்கும் பண்ணையில் நிற்கும் கால்நடைக்கும் பொருந்தாது. ஆகவே கூண்டில் இருக்கும்வரை கோழி கால்நடை பராமரிப்புத் துறையின் பிரஜை. கறிக்கடைக் கட்டையில் உள்ளாட்சிக்கும் பங்குண்டு. தட்டுக்கு வந்தால் முழுப் பொறுப்பும் தங்களுடையது. கிருமி மட்டும் இந்த மூன்று அலுவலகங்களையும் டோக்கன் வாங்காமல் ஒரே நாளில் கடந்துவிடுகிறது.

வயிற்றுப்போக்கோடு விட்டால் பரவாயில்லை. கேம்பைலோபாக்டர் அபூர்வமாகச் சிலருக்குக் கை கால்களை முடக்கும் கில்லன்-பாரே நோயைக் கொண்டுவரும். 2025 ஜனவரியில் புனேயில் அந்நோய் பரவியபோது சில நோயாளிகளின் மாதிரிகளில் அந்தக் கிருமி இருந்தது (அங்கே முதல் சந்தேகம் குடிநீர்மேல்). மருந்துக்குக் கிருமி பழகிவிட்டால் அதுவும் கைவிடலாம். மருத்துவமனைகள் கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கொலிஸ்டின், கோழித் தீவனத்தில் தாராளமாகக் கலக்கப்பட்டு வந்தது. 2019 ஜூலையில்தான் மத்திய அரசு அதற்குத் தடை போட்டது.

பிரிட்டிஷ் சீமையிலும் இந்தக் கூத்து நடந்ததுண்டு. 1988 டிசம்பரில் நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதியில் சால்மோனெல்லா இருப்பதாகச் சொன்ன துணை அமைச்சர் எட்வினா கரி, இரண்டே வாரத்தில் பதவியை விட்டார். அப்புறம் அவர்கள் அரைவேக்காட்டு முட்டையைத் தடைசெய்யவில்லை. கோழிக்குத் தடுப்பூசி போட்டார்கள். போட்ட பண்ணைகளின் முட்டைக்கு 1998-இல் சிங்க முத்திரை குத்தினார்கள். 2017-இல், அந்த முத்திரையுள்ள முட்டையைக் கர்ப்பிணிகளும் அரைவேக்காடாகச் சாப்பிடலாம் என்று அவர்களுடைய உணவுத் தர முகமையே சொல்லிவிட்டது.

நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தினமும் முட்டை விலையை ஊருக்கு அறிவிக்கும் வழக்கமும் இருக்கிறது. அந்த விலைக்குப் பக்கத்திலேயே, எத்தனை பண்ணைகளில் சால்மோனெல்லா சோதனை நடந்தது, எத்தனையில் அகப்பட்டது என்று மாதம் ஒருமுறையாவது ஒரு வரி போட ஆவன செய்யுமாறு மனுதாரர் வேண்டுகிறார். அதுவரை கலக்கியைத் தொடலாமா என்பதற்கும் எழுத்துமூலம் பதில் வேண்டும்; பரோட்டா மாஸ்டர் வாய்மொழி உத்தரவை ஏற்பதில்லை.

இப்படிக்கு,
மனுதாரர்

நகல்: கால்நடை பராமரிப்புத் துறை (ஓடு உடையும் வரை), நாமக்கல் மாநகராட்சி (கட்டையில் கிடக்கும்போது).