நூற்று ஆறுக்கு ஏழு

ரஞ்சிக் கோப்பை ஆட்டம் இந்தியாவில் காலை 9.30-க்குத் தொடங்கும். சிங்கப்பூரில் அப்போது மணி சரியாகப் பகல் 12. தஞ்சோங் பகார் கட்டடங்களிலிருந்து மொத்த ஜனமும் சாப்பாட்டுக்கு இறங்கும் நேரம். இரண்டு நாட்டு அரசாங்கமும் எனக்காகவே கலந்து பேசிக் கடிகாரத்தைத் திருகி வைத்தது போலிருக்கும். அமோய் ஸ்திரீட் உணவங்காடி நிலையத்தில் டிஷ்யூ பொட்டலத்தை மேசையில் போட்டு இடம் பிடித்துவிட்டு வரிசையில் நிற்பேன். எனக்கு முன்னால் ஆறு பேர் நிற்பார்கள். தட்டு என் கைக்கு வருவதற்குள் தமிழ்நாட்டுக்கு இரண்டு விக்கெட் போயிருக்கும். மேசை பிடிக்க டிஷ்யூ வைக்கும் ஊரில், கண்ணைத் துடைக்கவும் அதையே பயன்படுத்துகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சென்னை சூப்பர் கிங்ஸ் 2025-ல் பத்து அணிகளில் பத்தாவதாக வந்தபோது எனக்கு எவ்வளவோ பேர் துக்கம் விசாரித்தார்கள். லிட்டில் இந்தியாவில் காய்கறிக்காரர் முருங்கைக்காயைக் கட்டிக்கொண்டே, "என்ன சார் தோனி இப்படிப் பண்ணிட்டாரு" என்றார். ரஞ்சியில் தமிழ்நாடு தோற்றால் இந்த வசதி கிடையாது. தோற்றதே ஒருவருக்கும் தெரியாது. சொன்னால், "ரஞ்சி இன்னும் நடக்குதா?" என்பார்கள். துக்க வீட்டுக்கு வந்தவர், செத்தவர் யாரென்று கேட்டால் எப்படி இருக்கும்?

இந்த வியாதியை எனக்கு ஒட்டவைத்தவர் சித்தப்பா. 1988-ல் சேப்பாக்கத்தில் ரஞ்சி இறுதி ஆட்டம். எனக்கு ஒன்பது வயது. ரயில்வே அணி 317 அடித்தது, நம்மவர்கள் 709 அடித்தார்கள். வெயிலில் எனக்குத் தூக்கம் சொக்கியது. நான் ஒவ்வொரு முறை விழித்தபோதும் ஸ்கோர்போர்டில் நூறு கூடியிருந்தது. ரயில்வேயை மறுபடி 248-க்குச் சுருட்டி, இன்னிங்ஸும் 144 ரன்னும் வித்தியாசத்தில் ஜெயித்து, வாசுதேவன் கோப்பையைத் தூக்கினார். வாலாஜா சாலையில் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்துச் சித்தப்பா சொன்னார்: "பாத்துக்கோடா. இனிமே வருஷா வருஷம் இப்படித்தான்."

அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு வருஷமும் அப்படி இல்லை.

சித்தப்பா அந்த வாக்கைத் திரும்பப் பெறவுமில்லை. மனிதர் 1973 இறுதியாட்டத்தையே நேரில் பார்த்தவர். வெங்கட்ராகவனும் வி.வி.குமாரும் சுழற்றுவதற்கென்றே சேப்பாக்கத்தில் ஆடுகளம் போட்டோம். சுழன்றது. பம்பாயை 151-க்கும் 113-க்கும் உருட்டினோம். ஆனால் பம்பாய்க்காரர்களும் கையோடு பத்மாகர் சிவால்கர் என்று ஒரு சுழல்காரரைக் கூட்டி வந்திருந்தார்கள். நாம் 80, 61. சிவால்கருக்கு மொத்தம் 13 விக்கெட், கொடுத்தது 34 ரன். மூன்றாம் நாள் காலையில் கதை முடிந்தது. "பிட்ச் பிரமாதமா அமைஞ்சுது" என்றுதான் சித்தப்பா இன்றைக்கும் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்வார். நம்பிக்கை என்றால் இதுதான் நம்பிக்கை. மற்றதெல்லாம் வெறும் கணக்கு.

அலுவலகத்தில் என் துயரம் புரிந்த ஒரே ஆள் ஒரு மலாய் நண்பர். தஞ்சோங் பகார் யுனைடெட் கால்பந்துக் கழகத்தின் ரசிகர். அவர் கதை இன்னும் விசேஷம். அந்தக் கழகம் 2004 முடிந்ததும் பணமில்லாமல் லீக்கை விட்டு ஒதுங்கியது, 2011-ல் வந்தது, 2014-க்குப் பிறகு மறுபடி ஒதுங்கியது, 2020-ல் மறுபடி வந்தது. பெயரில் தஞ்சோங் பகார் இருந்தாலும், திரும்பி வந்த பிறகு அதற்குச் சொந்த மைதானம் தீவின் மறுகோடியில் ஜூரோங் ஈஸ்ட்டில். வேலை முடிந்து தஞ்சோங் பகாரிலிருந்து தஞ்சோங் பகார் ஆட்டத்தைப் பார்க்க அவர் அரைத் தீவைக் கடந்து ரயிலில் போகிறார். "கழகம் மூடியிருந்த வருஷங்கள்ல மனசு கஷ்டமா இருந்திருக்குமே" என்று ஒருநாள் கேட்டேன். "இல்லை மச்சா, அப்போதான் நிம்மதியா இருந்தேன். ஒரு ஆட்டம்கூடத் தோக்கலை" என்றார்.

அவருடைய பொற்காலம் 1998, சிங்கப்பூர்க் கிண்ணம் வாங்கிய வருஷம். என்னுடையது 1988. பத்து வருஷம் நான் சீனியர். அந்த மரியாதைக்குத் தே தாரிக் டீக்கான காசை அவர்தான் கொடுப்பார்.

இனி தலைப்புக்கு வருகிறேன். 2024 மார்ச், மும்பையில் அரையிறுதி. டாஸ் ஜெயித்து முதலில் ஆடி 146-க்கு அவுட். சரி, போகட்டும். மறுநாள் ஞாயிறு. மனைவியோடு தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசியைப் பார்த்தால் மும்பை 106-க்கு 7! சாய் கிஷோர் அந்த சீசன் முழுக்க யாரையும் நிம்மதியாக ஆடவிட்டதில்லை, மொத்தம் 53 விக்கெட். மீன்காரரிடம் பேரம் பேசுவதை அந்த இடத்திலேயே நிறுத்தினேன். கேட்ட விலையைக் கொடுத்தேன். இனிப்புக் கடையில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். "யாருக்குப் பிறந்தநாள்?" என்றாள் மனைவி. "அப்புறம் சொல்றேன்" என்றேன்.

சொல்ல வேண்டி வரவே இல்லை. ஒன்பதாவதாக இறங்கிய ஷர்துல் தாக்கூர் 109 அடித்தார். மும்பை 378. நாம் இரண்டாவது முறை 162. இன்னிங்ஸும் 70 ரன்னும். நம் பயிற்சியாளர் டாஸ் முடிவைப் பகிரங்கமாகக் குறை சொன்னார், தமிழ்நாடே சேர்ந்து பயிற்சியாளரைக் குறை சொன்னது. மைசூர்பாகை யாரும் குறை சொல்லவில்லை. திங்கட்கிழமை அதை அலுவலகத்துக்கு எடுத்துப்போய், ஏன் எதற்கு என்று சொல்லாமல் எல்லாருக்கும் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் நாக்பூரில் விதர்பாவோடு காலிறுதி. நான்காம் நாள் 2025 பிப்ரவரி 11, தைப்பூசம். சிங்கப்பூரில் அன்று விடுமுறை கிடையாது, லீவு போட்டேன். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்வரை பால்குடம். குடும்பத்துக்கு வேண்டியதைக் கேட்டுவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி இதையும் கேட்டேன். கோயிலைவிட்டு வெளியே வந்து கைப்பேசியைத் திறந்தால் இலக்கு 401. நாம் அடித்தது 202. முருகனைக் குறை சொல்ல மாட்டேன். பால்குடத்துக்கு 202 நியாயமான தொகைதான். 401-க்குக் காவடி எடுத்திருக்க வேண்டும்.

அந்த ஆட்டத்தில் விதர்பாவுக்கு 122 அடித்தவர் கருண் நாயர். பெயர் ஞாபகமிருக்கிறதா? 2015 இறுதியாட்டத்தில் கர்நாடகத்துக்காக நம் தலையில் 328 அடித்த அதே ஆள். இடையில் 2016-ல் சேப்பாக்கத்திலேயே இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 303 அடித்தார். நாமெல்லாம் எழுந்து நின்று கைதட்டினோம். தட்டியிருக்கக் கூடாது. மனிதர் மாநிலத்தை மாற்றினார், ஆளை மாற்றவில்லை.

அன்றிரவு சித்தப்பா போனில் வந்தார். "இங்கிலீஷ் கவுண்டியில சாமர்செட்னு ஒரு டீம். 1891-லேர்ந்து ஆடறான். ஒரு தடவைகூட சாம்பியன்ஷிப் வாங்கினதில்லை. நாம ரெண்டு வாங்கியிருக்கோம்" என்றார். அவர் சொன்னது உண்மை. 1955-ல் ஒன்று, 1988-ல் ஒன்று. இப்படி ஒரு ஆறுதலைத் தேடிக் கண்டுபிடிக்க அந்த வயதில் அவர் எவ்வளவு நேரம் செலவழித்திருப்பார் என்பதுதான் என்னை உருக்கியது.

2025 அக்டோபரில் புது சீசன் வந்தது. முதல் ஆட்டம் கோயம்புத்தூரில், நம் மண்ணில், ஜார்க்கண்டோடு. அவர்கள் 419. நாம் 93. ஃபாலோ ஆன் வாங்கி 212. இன்னிங்ஸும் 114 ரன்னும். முடிந்த கையோடு சித்தப்பாவுக்கு நானே போன் போட்டேன். "ரெண்டாவது இன்னிங்ஸ்ல ரெட்டிப்புக்கு மேல முன்னேற்றம், கவனிச்சியா?" என்றார். கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அதுவும் உண்மைதான்.

மலாய் நண்பரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்தார். "உங்க டீமும் அஞ்சு வருஷம் ஒதுங்கி இருந்து பாக்கலாமே" என்றார். அன்றைக்குத் தே தாரிக்குக்கு நானே காசு கொடுத்தேன்.

தமிழ்நாட்டு அணித் தம்பிகளுக்கு ஒரு விண்ணப்பம். டாஸ் ஜெயித்து என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். எதிராளி 106-க்கு 7 என்றால் மட்டும் மிச்ச மூன்றையும் எடுத்துவிடுங்கள். சித்தப்பாவுக்கு இந்தத் தை மாதம் எழுபத்தெட்டு முடிகிறது.