கறக்கிற மாட்டின் உதை

பெரிய மனிதருக்குப் பசி வந்தால் என்ன நடக்கும் என்பதை 2015 மார்ச் 4 இரவு வடக்கு யார்க்‌ஷயரின் ஒரு ஹோட்டல் பார்த்தது. படப்பிடிப்பு முடிந்து களைத்து வந்த ஜெரமி கிளார்க்சனுக்குச் சூடான சாப்பாடு இல்லை. ஆறிய பதார்த்தங்கள்தான் இருந்தன. உலகமெங்கும் கோடிக்கணக்கான பேர் பார்க்கும் பிபிசியின் ‘டாப் கியர்’ கார் நிகழ்ச்சி நாயகன் ஆறிப்போனதைத் தின்பதா? கூட வந்த தயாரிப்பாளரைப் பிடித்துக்கொண்டார். வாயில் வந்தபடி திட்டினார், கையும் நீட்டினார். சுமார் 30 நொடி. பக்கத்தில் இருந்தவர் குறுக்கே புகுந்த பிறகுதான் ஓய்ந்தது. அதற்குப் பிறகும் வாய் ஓயவில்லை.

தயாரிப்பாளர் திருப்பி அடிக்கவில்லை. வீங்கி ரத்தம் கசிந்த உதட்டோடு காரை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். கார் ஓட்டிக் காட்டுவதையே பிழைப்பாகக் கொண்ட அந்தக் குழுவில், அன்றைக்கு உருப்படியான காரியத்துக்கு ஓடிய கார் அது ஒன்றுதான்.

பிபிசியின் விசாரணை அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. படித்தால் வயிறு எரியும். தன் வேலை போய்விட்டது என்று நம்பியவர் யார் தெரியுமா? அடி வாங்கியவர். அவர் முறைப்படி புகார்கூடக் கொடுக்கவில்லை. சில நாள் கழித்து அடித்தவரே மேலிடத்தில் சொன்னார். ஆகா, என்ன நேர்மை!

மார்ச் 10-ஆம் தேதி கிளார்க்சன் இடைநீக்கம் செய்யப்பட்டார். பிரிட்டிஷ் மக்களின் நெஞ்சில் இரக்கம் ஊற்றெடுத்தது. அவரைத் திரும்பக் கூப்பிடச் சொல்லிப் பத்து லட்சம் பேர் இணையத்தில் கையெழுத்திட்டார்கள். அந்த மனு லண்டனில் பிபிசி தலைமையகத்துக்கு வந்த வாகனம், ராணுவப் பீரங்கி வண்டி. சோறு கிடைக்காமல் அடித்தவருக்கு நியாயம் கேட்கப் பீரங்கியில் போகிறார்கள்! அன்றைய பிரதமர் டேவிட் கேமரனுக்கு நாட்டில் வேறு வேலை இல்லை போலும். கிளார்க்சன் என் நண்பர், பெரிய திறமைசாலி, நிகழ்ச்சி நின்றால் என் பிள்ளைகள் மனமுடைந்து போவார்கள் என்றார். பிரதமர் வீட்டுப் பிள்ளைகளின் மனசு உடையக் கூடாது. தயாரிப்பாளரின் உதடு தாராளமாக உடையலாம்.

ரசிகப் பெருமக்கள் அதோடு விடவில்லை. அடிபட்டவரைத் தேடிப் பிடித்து இணையத்தில் வசை பாடினார்கள், கொலை மிரட்டல் விடுத்தார்கள். தங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கைக் கெடுத்துவிட்டாராம். முகத்தை முஷ்டிக்கு நேரே வைத்தது அவர் குற்றம்தானே!

திடீரென்று வந்த கோபமா இது? 2011-இல் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களைக் குடும்பத்தார் கண்முன்னே சுட வேண்டும் என்று பிபிசி நிகழ்ச்சியிலேயே பேசியவர். அதே ஆண்டு இந்தியாவுக்கு வந்து, இங்கே வருகிறவர்களுக்கெல்லாம் வயிறு கெடும் என்று கேலி பேசி, ஜாகுவார் காரின் பின்புறத்தில் கழிப்பறைப் பீங்கானைப் பொருத்திக்கொண்டு வலம் வந்தார். இந்தியத் தூதரகம் புகார் எழுதியது. 2014-இல் இனவெறிச் சொல் விவகாரம். கடைசி எச்சரிக்கையும் கொடுத்தாயிற்று. ஒவ்வொரு முறையும் நிர்வாகம் முகம் சுளித்தது, கணக்கைப் பார்த்தது, சுளித்த முகத்தை நேராக்கிக்கொண்டது. ஆண்டுக்குச் சுமார் 5 கோடி பவுண்டு கொட்டும் நிகழ்ச்சி அல்லவா! கறக்கிற மாடு உதைத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பார்கள் நம் ஊரில். லண்டனிலும் அதே தொழுவம்தான். ஆனால் பாலைக் குடித்தவர்கள் வேறு, உதை வாங்கியவர் வேறு.

மார்ச் 25-ஆம் தேதி பிபிசியின் தலைமை இயக்குநர் டோனி ஹால், எல்லை மீறப்பட்டுவிட்டது என்று சொல்லி, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என அறிவித்தார். ஆளுக்கொரு சட்டம் இருக்க முடியாது என்றார். ஊழியரை அடித்தவரை வீட்டுக்கு அனுப்புவது வரலாற்றுத் துணிச்சலாகப் பேசப்பட்டது. அந்தத் துணிச்சலுக்கு ஹாலுக்கும் கொலை மிரட்டல் வந்தது.

அப்படி என்ன தண்டனை? நான்கே மாதத்தில் அமேசான் வாசலில் வந்து நின்றது. டாப் கியரின் சக தொகுப்பாளர்கள் இருவரோடும் ‘தி கிராண்ட் டூர்’ என்ற புது நிகழ்ச்சி, மூன்று ஆண்டு, 36 பகுதிகள், பத்திரிகைகள் சொன்ன தொகை 16 கோடி பவுண்டு. 2016-இல் தயாரிப்பாளர் தொடுத்த வழக்கு மன்னிப்போடும் இழப்பீட்டோடும் முடிந்தது. அந்த இழப்பீடு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் என்றன செய்திகள். 16 கோடி எங்கே, ஒரு லட்சம் எங்கே? அடித்தவருக்கு அது சில்லறைச் செலவு. பிறகு கோடீஸ்வரர் வினாடி வினா, பண்ணை நிகழ்ச்சி என்று அவர் கொடி ஏறிக்கொண்டேதான் இருந்தது.

அதே பிபிசியின் கேன்டீனில் தட்டுக் கழுவுகிறவர், சாப்பாடு ஆறிப்போனதென்று மேற்பார்வையாளரை 30 நொடி அடித்திருந்தால் இரண்டு வாரம் யோசித்திருப்பார்களா? பொழுது சாய்வதற்குள் அவர் தெருவில் நின்றிருப்பார். அவருக்காகப் பீரங்கி வராது. பிரதமரின் பிள்ளைகள் அழ மாட்டார்கள். அமேசான் அவர் முகவரியைக் கேட்காது. எங்கே அவருடைய பத்து லட்சம் கையெழுத்து என்று கேட்டுப்பாருங்கள். “அவர் என்ன கிளார்க்சனா?” என்பார்கள்.

சரியான பதில். ஆளுக்கொரு சட்டம் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாராலும் ஒப்புக்கொள்ள முடியாது.