நெட் வராமையும் மூன்று சித்தாந்தங்களும்: ஒரு குடந்தை ஆராய்ச்சி

கணினிக்குள் இன்னொரு கணினியை ஓடவிடும் விர்ச்சுவல் பாக்ஸ் வகுப்பு கும்பகோணத்தில் எந்தக் கல்லூரியில் நடந்தாலும் சரி, கால் மணி நேரத்துக்குள் "சார், உள்ள நெட் வரலை" என்று ஒரு குரல் எழும். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருப்பா" என்று பதில் வரும். காமகோடி பீடத்தின் சங்கர மடம் நெடுங்காலம் இருந்த ஊர் இது. அத்வைதி அப்பய்ய தீட்சிதரோடு வாதிட்டதாக மரபு சொல்லும் துவைத ஆசாரியர் விஜயீந்திர தீர்த்தரின் பிருந்தாவனம் இங்கேதான் இருக்கிறது. சாரங்கபாணிப் பெருமாளும் இங்கேதான் பள்ளிகொண்டிருக்கிறார். இப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு கோளாறை வாதமே இல்லாமல் ரீஸ்டார்ட் செய்து தீர்ப்பது மரபுக்கு இழுக்கு. நெட் வராத கெஸ்ட், அதாவது உள்ளே ஓடும் கணினி, எந்த மடத்தைச் சேர்ந்தது என்று முதலில் விசாரிக்க வேண்டும் என்பதே இவ்வாய்வின் துணிபு.

கெஸ்டை நெட்டோடு இணைக்க விர்ச்சுவல் பாக்ஸ் தரும் முறைகளில் நாட் முறை அத்வைதம். உள்ளே எத்தனை கெஸ்ட் இருந்தாலும் வெளியே தெரிவது அவற்றைத் தாங்கும் கணினியான ஹோஸ்ட் ஒன்றே. நாட் போட்ட கெஸ்ட் கண் விழித்ததும் தன்னை 10.0.2.15 என்று உணர்கிறது. பக்கத்து கெஸ்டும் 10.0.2.15தான். அந்த முகவரிக்கு பிங் செய்யச் சொன்னால் ஒவ்வொன்றும் தனக்குத்தானே பிங் அனுப்பி, தானே பதிலும் சொல்லிக்கொண்டு ஆனந்தத்தில் திளைக்கும். இரண்டும் ஒன்றோடொன்று பேச வேண்டுமானால் 'நாட் நெட்வொர்க்' என்ற வேறு வகைக்கு மாற்ற வேண்டும்.

பிரிட்ஜ் முறை துவைதம். ஹோஸ்ட் வேறு, கெஸ்ட் வேறு. தனி மேக் முகவரி, ரவுட்டர் தரும் தனி ஐபி. இதற்கு வாய்த்த பூர்வபட்சி வைஃபை. தன்னிடம் பதிந்துகொண்ட மேக் முகவரியைத் தவிர மற்றதை அக்சஸ் பாயின்ட் பொதுவாக ஏற்காது என்பதால், கேபிளில் ஓடும் பிரிட்ஜ் வைஃபையில் தடுமாறும். ஐபி கொடுக்க ஆளில்லாத விண்டோஸ் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே சூட்டிக்கொள்ளும். தெருமுனை பேனரில் போட்டுக்கொண்ட டாக்டர் பட்டம் மாதிரி, அதை வைத்துக்கொண்டு வெளியூர் போக முடியாது. குளோன் எடுக்கையில் மேக் முகவரியை மாற்றாமல் விட்டால் வேறொரு வம்பு: ஓர் ஆன்மா, இரண்டு உடல், ஒரே ஐபிக்கு மல்லுக்கட்டு. இதை எந்த ஆசாரியரும் எதிர்பார்க்கவில்லை.

'ஹோஸ்ட் ஒன்லி' முறையை விசிஷ்டாத்வைதத்தில் சேர்க்கலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஹோஸ்டும் கெஸ்டும் 192.168.56 வரிசையில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும், வெளியுலகம் கிடையாது. சரணாகதி என்று வைத்துக்கொள்வோம். இதில் உட்கார்ந்துகொண்டு யூடியூப் வரவில்லை என்பவர் தம் பக்தியைத்தான் பரிசோதிக்க வேண்டும்.

இனி பிரமாணங்கள். 8.8.8.8க்கு பிங் போகிறது, தளத்தின் பெயரைப் போட்டால் திறக்கவில்லை என்றால் ரூபம் உண்டு, நாமம் இல்லை, டிஎன்எஸ்ஸைப் பார்க்கவும். பிங் ஒன்றையே நம்புவதும் ஆபத்து. நாட் முறையில் பிங் தோற்று பிரவுசர் திறந்த சந்தர்ப்பங்கள் உண்டு. அமைப்புகளில் 'கேபிள் கனெக்டட்' கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்ப்பது பிரத்யட்சம். ஆனால் அதை யாரும் பார்ப்பதில்லை.

மாயைக்கு ஆதாரம் கேட்பவர்கள் பராமரிப்பு மின்தடை நாளில் ஆய்வகத்துக்கு வரலாம். யூபிஎஸ் புண்ணியத்தில் கணினிகள் ஓடும். மாடிப்படிக்கு அடியிலுள்ள ரவுட்டர் அணைந்து கிடக்கும். நாட் கெஸ்ட் இதற்கெல்லாம் அசையாது. அப்போதும் அது 10.0.2.15தான், கேட்வே 10.0.2.2க்கு பிங் செய்தால் பதிலும் உடனே வரும், பதில் சொல்வது விர்ச்சுவல் பாக்ஸ்தானே. அப்போது புதிதாகத் திறந்த பிரிட்ஜ் கெஸ்ட் மட்டும் 169.254ஐ மாட்டிக்கொண்டு உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொள்ளும்.