ஊமைப்பட நாயகிக்கு வம்சம் எழுதுவது எப்படி?

பயிற்சிக்குத் தீடா பாராவை எடுத்துக்கொள்வோம். 1915இல் வந்த 'எ ஃபூல் தேர் வாஸ்' என்ற ஒரே படத்தில் அமெரிக்க ஆண்களின் தூக்கத்தைக் கெடுத்தவர். 1917இல் கிளியோபாட்ரா. அவர் எங்கே பிறந்தார், பெற்றோர் யார், எந்தப் பள்ளியில் படித்தார் என்பதற்கெல்லாம் காகிதம் இருக்கிறது. அந்தக் காகிதங்களில் விரல் படாமல் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடிப்பதுதான் இன்றைய பாடம். பாதி உங்களுக்கு ஏற்கெனவே கைவந்த கலை. மீதியை நான் சொல்லித் தருகிறேன்.

1. சினிமா கம்பெனி பி.ஆர்.ஓ. சொன்னதை முதல் அத்தியாயமாக்குங்கள்.

ஃபாக்ஸ் கம்பெனியின் விளம்பர ஆட்கள் உங்கள் வேலையை அன்றைக்கே முடித்து வைத்திருக்கிறார்கள். சஹாராவில், ஸ்பிங்க்ஸ் நிழலில் வளர்ந்த குழந்தை. அம்மா பிரெஞ்சு நடிகை. அப்பா ஒரு கதையில் இத்தாலியச் சிற்பி, இன்னொரு கதையில் அரபு ஷேக். இரண்டு அப்பாவா என்று திகைக்காதீர்கள். ஓய்வு நேரத்தில் சிலை செதுக்கும் ஷேக் என்று எழுதினால் இரண்டும் அடங்கிவிடும். தீடா பாரா என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டால் 'அரபு மரணம்' என்று வருவதாகவும் கம்பெனி சொன்னது. இதைவிட நல்ல பிறப்புச் சான்றிதழ் வேறென்ன வேண்டும்? தியோடோசியா என்ற பெண்ணைச் சின்ன வயதில் தீடா என்று கூப்பிட்டார்கள், பாரா என்பது ஓர் உறவினர் பெயரின் சுருக்கம் என்றும் ஒரு பேச்சு உண்டு. இதையெல்லாம் அடிக்குறிப்பில்கூடப் போடாதீர்கள். அடிக்குறிப்பே போடாதீர்கள்.

2. நடுப்பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுங்கள்.

முழுப்பெயர் தியோடோசியா பர் குட்மேன். 'பர்' கண்ணில் பட்டதும் உடம்பு சிலிர்க்க வேண்டும். அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்தவர், அரசியல் எதிரி ஹாமில்டனைத் துப்பாக்கிச் சண்டையில் சுட்டவர், ஆரன் பர். அவர் மகள் பெயரும் தியோடோசியா பர்! உடனே கோடு போட்டு இணைத்துவிடுங்கள். அந்த மகள் 1813இல் கப்பலோடு கடலில் காணாமல் போனார், அவருடைய ஒரே பிள்ளை அதற்கு முந்தைய வருடமே பத்து வயதில் இறந்துவிட்டான் என்று யாராவது முணுமுணுப்பார்கள். கடல் பெரியது என்று சொல்லிவிடுங்கள். புகழ்பெற்ற பெண்ணின் பெயரைப் பிடித்துப்போய்ப் பெற்றோர் தங்கள் மகளுக்கு வைத்தார்கள் என்ற விளக்கம் உண்மைதான். ஆனால் அதை வைத்து வம்சாவளிப் படம் வரைய முடியாதே.

இணைய வம்சாவளித் தளத்தில், உறவு கிடைத்திருக்கலாம் என்று குறிப்புக் காட்ட ஒரு பச்சை இலை ஆடும். யோசிக்காமல் க்ளிக் செய்யுங்கள். உங்களைப் போலவே இன்னும் பலர் அதே தவறைச் செய்திருப்பார்கள். அத்தனை பேர் சொல்வது பொய்யாகுமா?

3. பிறந்த தேதியைக் கொஞ்சம் இளைக்கவிடுங்கள்.

1885 ஜூலை 29 என்பது நட்சத்திரத்துக்கு அழகில்லை. 1890 என்று போடுங்கள். இதனால் 1903இல் பிறந்த ஊரான சின்சினாட்டியின் வால்நட் ஹில்ஸ் உயர்நிலைப் பள்ளியை முடித்தபோது அவருக்கு வயது பதின்மூன்றுதான் ஆகும். மேதை என்று ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளலாம். 1888இல் பிறந்த தம்பி மார்க் திடீரென்று அண்ணன் ஆகிவிடுவார். தம்பி தங்கையரின் தேதிகளை அருகில் வைத்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் சில ஆய்வாளர்களுக்கு உண்டு. நடிகை தன் வயதைக் குறைப்பார், தம்பிக்கு அந்த அக்கறை இருக்காது என்பது அவர்கள் கணக்கு. அவர்களோடு சேராதீர்கள்.

4. 1900ஆம் வருட சென்சஸைத் திறக்காதீர்கள். திறந்தே தீர வேண்டுமென்றால் தப்பான பெயரில் தேடுங்கள்.

இது ஆபத்தான ஆவணம். அந்த வருடக் கணக்கெடுப்பு வயதோடு நிற்காமல் பிறந்த மாதம், வருடம் இரண்டையும் கேட்டது. திருமணமாகி எத்தனை வருடம், தாய் பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை, வெளிநாட்டில் பிறந்தவர் எந்த வருடம் வந்து இறங்கினார் என்றும் கேட்டது. அவர் சினிமாவுக்கு வரும் முன்னால், பொய் சொல்ல யாருக்கும் காரணம் இல்லாத காலத்தில் கேட்டது. ஒரே பக்கத்தில் ஒரு ஷேக் செத்துப்போவார்.

ஆகவே 'பாரா' என்ற பெயரில் தேடுங்கள். குட்மேன் குடும்பம் சட்டப்படி பாரா என்று பெயர் மாற்றிக்கொண்டது 1917இல்தான். 1900இல் அப்படி ஒரு குடும்பம் கிடைக்காது. கிடைக்காததால் அவர்கள் அப்போது அமெரிக்காவிலேயே இல்லை, பாலைவனத்தில் இருந்தார்கள் என்று முடிவு கட்டுங்கள். எழுத்துப்பிழை, கையெழுத்தைத் தப்பாகப் படித்துச் செய்த அட்டவணை என்று எதையும் சந்தேகிக்காதீர்கள்.

பின்னால் வந்த கணக்கெடுப்புகளை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்தது வீட்டுக்காரரா, வேலைக்காரரா, பக்கத்து வீட்டுக்காரரா என்று கேட்க வேண்டாம். பதில் சொன்னவர் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி போடும் வழக்கமே 1940இல்தான் வந்தது.

5. எல்லாம் எரிந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

இது சோம்பேறிகளின் பிரம்மாஸ்திரம். உங்கள் அதிர்ஷ்டம், இந்தக் கதையில் மூன்று தீ இருக்கிறது.

முதல் தீ 1884 மார்ச். சின்சினாட்டியில் பெருங்கலவரம் மூண்டு மாவட்ட நீதிமன்றமே எரிந்தது. பதிவேடுகள் ஏராளமாகப் போயின. சின்சினாட்டி இருக்கும் ஒஹாயோ மாநிலத்தில் 1867 முதல் பிறப்புகளைப் பதிந்தது மாவட்ட நீதிமன்றங்கள்தான். ஆகவே தீடா பாராவின் பிறப்புப் பதிவு அதில் எரிந்துவிட்டது என்று எழுதுங்கள். அவர் பிறந்தது அடுத்த வருடம் என்பதை வாசகர் கவனிக்கும் முன் பத்தியை மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது தீ 1921 ஜனவரி, வாஷிங்டன். 1890ஆம் வருட சென்சஸ் தாள்கள் பெரும்பாலும் நாசமாயின. நாடு முழுவதற்கும் சேர்த்து இன்று எஞ்சியிருப்பவை ஆறாயிரத்துச் சொச்சம் பெயர்கள். இது உண்மையான இழப்பு, நானும் வருந்துகிறேன். 1885இல் பிறந்த குழந்தையை அடுத்துப் பார்க்க 1900 வரை காத்திருக்க வேண்டும். ஆனால் நடுவில் உள்ள இடைவெளியை அடைக்க வழி இருக்கிறது என்பதை மறைத்து வையுங்கள். சின்சினாட்டியில் வில்லியம்ஸ் டைரக்டரி வருடா வருடம் அச்சானது. பெயர், தொழில், முகவரி மூன்றும் அதில் வரும். வரிசையாகப் பக்கம் புரட்டினால் அவர் அப்பா போன்ற ஒரு தையல்காரர் எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குக் குடிபோனார், அதாவது எப்போது வசதி கூடியது என்பதுவரை தெரிந்துபோகும். புரட்டாதீர்கள்.

மூன்றாவது தீ 1937 ஜூலை, நியூ ஜெர்சியில் ஃபாக்ஸின் படக் கிடங்கு. நைட்ரேட் ஃபிலிம் தீப்பற்றி, அவர் நடித்த நாற்பது சொச்சம் படங்களில் பெரும்பாலானவை மறைந்தன. கிளியோபாட்ராவில் மிஞ்சியது சில துண்டுகள். படங்கள் போனது துக்கம்தான். அந்தத் துக்கத்தோடு துக்கமாக, குடும்ப ஆவணங்களும் அங்கேதான் இருந்தன என்ற தோற்றத்தைக் கொடுங்கள். ஒரு நகரத்தின் பள்ளிப் பதிவேடு ஃபாக்ஸ் கிடங்கில் ஏன் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

6. அப்பாவின் பெயரை எல்லிஸ் தீவில் மாற்றுங்கள்.

பெர்னார்ட் குட்மேன், போலந்தில் பிறந்த யூதத் தையல்காரர். குடியேற்ற அதிகாரி ஒருவர் அவர் பெயரைக் காதில் சரியாக வாங்காமல் குட்மேன் என்று எழுதிவிட்டார் என்று ஒரு உருக்கமான காட்சி அமையுங்கள். குடியேறிகள் வந்திறங்கிய எல்லிஸ் தீவு நிலையம் திறந்தது 1892இல், அப்போது அவருடைய மகளுக்கே வயது ஆறோ ஏழோ. அங்கிருந்த அதிகாரிகள் பெயர் எழுதவில்லை, புறப்பட்ட துறைமுகத்தில் தயாரான கப்பல் பட்டியலைச் சரிபார்த்தார்கள். காட்சி நன்றாக வந்திருந்தால் இதெல்லாம் தடையே இல்லை.

அவர் பிறந்த நாட்டை ஒரு தாளில் போலந்து, இன்னொரு தாளில் வேறு நாடு என்று பார்த்தால் இரண்டு பெர்னார்ட்கள் என்று முடிவு செய்யுங்கள். போலந்து 1795 முதல் 1918 வரை ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா கைகளில் பிரிந்து கிடந்தது, மனிதர் அசையாமலே நாடு மாறும் என்பதை நினைவில் கொண்டுவரக் கூடாது. அம்மா பாலின் டி கொப்பெட், ஸ்விட்சர்லாந்துக்காரர். மகள் முதலில் மேடையேறியது தியோடோசியா டி கொப்பெட் என்ற பெயரில். அம்மாவின் குடும்பத்துக்குப் போக இதைவிட நேரான வழி கிடையாது, அதனால் அந்தப் பெயரில் தேடவே வேண்டாம்.

7. சின்சினாட்டிக்குப் போகாதீர்கள்.

அங்கே அமெரிக்க யூத ஆவணக் காப்பகம் 1947 முதல் இருக்கிறது. 1854இல் தொடங்கிய 'அமெரிக்கன் இஸ்ரேலைட்' என்ற யூத வாரப் பத்திரிகையின் பழைய இதழ்கள் இருக்கின்றன. கல்யாணம், பட்டமளிப்பு, விருந்து என்று ஊர்க்காரர்கள் சங்கதியைப் பெயரோடு அச்சிடும் பத்திரிகைகளில்தான் நட்சத்திரம் ஆவதற்கு முந்தைய பெண் அகப்படுவாள். அவளைப் பார்த்துவிட்டால் உங்களுக்குப் பிடித்துப்போகும் அபாயம் உண்டு. அந்த ஊரின் அவான்டேல் பகுதியில் வளர்ந்து, சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்து, நாடக ஆசையில் நியூயார்க் போன தையல்காரர் மகள். பாலைவனத்தைவிட இது சுவாரஸ்யம் என்று எனக்கே அவ்வப்போது தோன்றியிருக்கிறது. அதனால்தான் எச்சரிக்கிறேன்.

8. புத்தகம் வந்த பிறகு ஒருவர் 1900ஆம் வருட சென்சஸ் தாளை நகலெடுத்து அனுப்புவார்.

நன்றி சொல்லுங்கள். சின்சினாட்டியில் குட்மேன்கள் பலர் இருந்ததாகப் பதில் எழுதுங்கள். இரண்டாம் பதிப்பில் பரிசீலிப்பதாகவும் சொல்லுங்கள். இரண்டாம் பதிப்பு வந்தால் ஷேக்குக்கு ஒரு ஒட்டகம் சேர்த்துக்கொள்ளுங்கள். தையல்காரரைப் படிக்க யார் காசு கொடுப்பார்கள்?