சிறுவீடு யாருக்குச் சொந்தம்? தாமிரபரணிக் கரையில் தீராத ஒரு சொத்து வழக்கு குறித்த ஆய்வுரை

தாமிரபரணிக் கரையைத் தோண்டியவர்கள் எல்லோரும் ஆழமாகவே தோண்டினார்கள். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899இல் தொடங்கிச் சில ஆண்டுகள் தோண்டினார். முதுமக்கள் தாழிகள் வரிசையாக வெளிவந்தன. சிவகளைத் தாழியில் கிடந்த நெல்லுக்கு 3,200 வயது என்று 2021இல் அறிவித்தார்கள். இந்தக் கரையில் இறந்தவர்கள் எதில் குடியிருந்தார்கள் என்பது இப்போது நமக்கு அங்குலக் கணக்கில் தெரியும். அதே கரையில் வருஷா வருஷம் தை மாதம் ஆறு வயதுப் பிள்ளைகள் குடியேறும் வீட்டுக்கோ தொல்லியல் துறை ஒரு குழிகூடப் போடவில்லை. போட்டாலும் பலன் இராது. வீட்டின் ஆயுள் ஒரு பகல், சிரமப்பட்டால் இரண்டு.

ஆய்வுப் பரப்பைக் குறுக்கிக்கொள்வது அறிஞர் மரபு. பிள்ளைகளின் பருவக் கைவேலைகள் நெல்லைச் சீமையில் பல உண்டு. ஆனால் பெரும்பாலானவற்றில் சட்டச் சிக்கல் இல்லை. சித்திரை நுங்கு வண்டி உருட்டுகிறவனுக்குச் சொந்தம். பூவரசிலைப் பீப்பி ஊதுகிறவனுக்குச் சொந்தம். எச்சில் பட்டபின் எவனும் உரிமை கோருவதில்லை. ஆவணிக் களிமண் பிள்ளையார் சாமி பேரிலேயே பட்டா. கார்த்திகைச் சொக்கப்பனை ஊர்ப்பொது. சிக்கலெல்லாம் சிறுவீட்டுப் பொங்கலில்தான்.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்தார் அல்லாதவர்களுக்காக நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். மார்கழி முழுக்க விடியலில் வாசல் தெளித்துக் கோலமிட்டு, சாணி உருண்டையில் பூசணிப்பூவைச் செருகி நடுவில் வைப்பார்கள். வெயில் ஏறியதும் அந்தப் பூவையும் சாணியையும் எறிந்துவிடுவதில்லை. சேர்த்து வட்டமாகத் தட்டிக் காயவைத்தால் அது பூ எரு. ஒரு மாதச் சேமிப்பு, நிரந்தர வைப்பு போல, சுவரோரம் சேரும். தைப் பொங்கல் முடிந்தபின் ஒரு நல்ல நாளில் முற்றத்தில் களிமண்ணால் சின்னதாக ஒரு வீடு கட்டி, வீட்டுப் பெண்பிள்ளை அதன் முன் சின்னப் பானையில் பொங்கலிடுவாள். பொங்கும்போது பெண்கள் குலவை போடுவார்கள். பிறகு பொங்கலும் பூ எருவும் ஆற்றுக்குப் போகும். எருவின் மேல் சூடம் ஏற்றித் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். (2023 மார்கழி முதல் தேதி, டிசம்பர் 17 அன்று, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த வருஷம் எருவை வாங்க ஆறே வாசலுக்கு வந்துவிட்டது. ஆய்வுரைக்குள் அடங்காத செய்தி என்பதால் இதை அடைப்புக்குறிக்குள் வைக்கிறேன்.)

இனி கட்டுமானம். களிமண் குளத்தங்கரையிலிருந்து வர வேண்டும். தையில் பிசானப் பயிர் வயலில் நிற்கும், கால்வாய்களில் தண்ணீர் ஓடும், குளம் நிறைந்திருக்கும். ஆகவே உள்ளே இறங்கி எடுக்க முடியாது, கரையோரம் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதில் பாதி கல். கல் பொறுக்கும் வேலை பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்டது. கல்லைப் பொறுக்கி அவர்கள் எறிவதில்லை, பையில் போட்டுக்கொள்கிறார்கள் என்பதைக் கள ஆய்வில் கண்டேன்.

நான் கூர்ந்து நோக்கிய முற்றத்தில் கட்டடப் பொறுப்பு ஆச்சியிடம் இருந்தது. தரையில் விரலால் கோடு கிழித்து, பிசைந்த மண்ணைக் கயிறாக உருட்டி, கோட்டின்மேல் படுக்கவைத்து, அதன்மேல் இன்னொன்று. இரண்டு உள்ளங்கையாலும் அணைத்து இழுத்தால் சுவர். சாண் உயரத்துக்கு மேல் போவதில்லை. நடுவீடு, அடுப்படி, சாமி அறை, வாசலுக்கு இரண்டு படி. பேத்தி அந்தப் படியில் கட்டைவிரலை அழுத்தி அழுத்தி ஏதோ செய்தாள். ‘ஏட்டி, அத ஏன் நோண்டுத?’ என்றாள் ஆச்சி. ‘சுவிட்சு ஆச்சி’ என்றாள் பேத்தி. படியில் எதற்குச் சுவிட்சு என்று ஆச்சி கேட்கவில்லை. ஈரத்துணியால் ஒரே தடவு, மின்இணைப்பு துண்டிக்கப்பட்டது. சற்று நேரத்தில் மேல்படியில் மறுபடியும் இணைப்பு கொடுக்கப்பட்டிருந்தது. இது இரண்டு கட்டடக்கலைப் பள்ளிகளுக்கு இடையிலான மோதல் என்றே பதிவு செய்கிறேன்.

கூரை கிடையாது. இதைக் குறை என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் கூரை இல்லாத வீடு ஒழுகாது. மாடி எடுக்கச் சொல்லி மச்சினன் நச்சரிக்க மாட்டான். பாளையங்கோட்டை அடுக்ககங்களில் முற்றமே இல்லாதபோது கோலப்பொடியால் தரையில் வீட்டை வரைந்துவிடலாம். அப்போது சுவரும் இல்லை, வரைபடமே வீடு. அனுமதிக்கும் குடியேற்றத்துக்கும் இடையே தாமதம் இல்லாத ஒரே வீட்டுத் திட்டம் இதுதான்.

ஜெர்மனியில் பிரோபெல் என்பவர் 1837இல் சின்னப் பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கி, பந்தும் மரக்கட்டையும் கொடுத்து அடுக்கச் சொன்னார். உலகம் அவரைக் கல்வியாளர் என்கிறது. ஆச்சியை யாரும் அப்படிச் சொல்லவில்லை. கட்டைக்கும் களிமண்ணுக்கும் ஒரு வித்தியாசம்: கட்டை மறுநாளும் இருக்கும். பிள்ளைக்கு அதனால் அவசரம் இல்லை. களிமண் காய்ந்துகொண்டே வரும்போதுதான் தீர்மானங்கள் பிறக்கின்றன.

வழக்குக்கு வருவோம். பழைய தீர்ப்புகளைப் புரட்டினால் தலை சுற்றுகிறது. கலித்தொகையில் தெருவில் பெண்கள் கட்டிய மணல்வீட்டை ஒரு பயல் காலால் சிதைக்கிறான். பின்னாளில் அவனே காதலனாக வாசலில் வந்து தண்ணீர் கேட்கிறான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள், நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம் முழுவதையும் சிற்றில், அதாவது சிறுவீடு, சிதைக்காதே என்ற மனுவுக்காகச் செலவிட்டாள். பிள்ளைத்தமிழ் இலக்கணமோ ஒருபடி மேலே போய், சிற்றில் சிதைப்பதை ஆண்பிள்ளைக்கு ஒரு பருவமாகவே ஒதுக்கிவிட்டது. நம் ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரரும் முத்துக்குமாரசுவாமிக்கு அந்தப் பருவம் பாடியிருக்கிறார். ஆக, சுமார் இரண்டாயிரம் ஆண்டு இலக்கியத்தில் வீடு கட்டியவள் மனுதாரர். இடித்தவன் பாட்டுடைத் தலைவன். கட்டியவளுக்கு ஒரு பைசா நஷ்டஈடு கிடைத்ததாகத் தெரியவில்லை.

இன்றைய உரிமை கோருவோர் நால்வர். பேத்தி: பெயர் அவளுடையது, பொங்கலும் அவளுடையது. ஆச்சி: உழைப்பு முழுவதும் அவளுடையது, முதுகுவலி உட்பட. தாய்மாமன்: பானையும் பாவாடையும் வாங்கிக் கொடுத்த வகையில் முதலீட்டாளர், வீட்டோடு படம் எடுத்துக்கொண்டதும் அவரே. அப்பா: கொஞ்சம் தாமதமாக வந்து, சுவர் சாய்கிறது என்று சொல்லி, ரசமட்டம் கொண்டுவந்து, கிழக்குச் சுவரை இடித்துத் திரும்பக் கட்டியவர். பிள்ளைகளோடு கைவேலை செய்ய உட்காரும் அப்பாக்களுக்கு ஒரு கட்டத்துக்குப் பிறகு பிள்ளைகள் இடைஞ்சலாகிவிடுகிறார்கள் என்பது இத்துறையில் நிலைபெற்ற உண்மை.

உரிமைக்கு ஒரு சோதனை உண்டு: இடிந்தால் யார் வருந்துகிறார்? அன்று சாயங்காலம் எல்லோரும் ஆற்றுக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு ஆடு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தது. அப்பா ஓடினார். தாய்மாமன் செல்போனில் பழைய படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஆச்சி, ‘போவுது, கழுத’ என்று திண்ணையில் சாய்ந்தாள். பேத்தி ஆட்டுக்குக் கரும்புச் சோகையை ஊட்டப் போய்விட்டாள். பொங்கல் பொங்கிய கணத்தோடு அவளுக்கும் வீட்டுக்கும் உள்ள கணக்கு தீர்ந்துவிட்டது. சோதனை எல்லோரையும் தள்ளுபடி செய்துவிட்டது.

மிஞ்சியது வருவாய்த்துறைக் கொள்கை: தீர்வை கட்டுகிறவரே உடையவர். மறுநாள் காலை காய்ந்த களிமண்ணைச் சுரண்டி, வாறுகாலில் போய் அடைத்ததைக் குத்திவிட்டு, முற்றத்தைக் கழுவிக்கொண்டிருந்தது பிள்ளையின் அம்மா. வழக்கில் அவர் பெயரை இதுவரை யாரும் சேர்க்கவே இல்லை, இந்த ஆய்வாளர் உட்பட. குறிப்பேட்டைத் திறந்து முறைப்படி கேட்டேன்: ‘சிறுவீடு தங்களுக்குச் சொந்தம் என்று கருதுகிறீர்களா?’

‘வீட்ட நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி’ என்றார் நிமிராமல். ‘அந்த மம்பட்டிய மட்டும் இங்க எடுத்துத் தாங்க.’