பிஸ்டன் தலையில் ஒரு சிட்டிகைக் கரி

சின்னக் காரின் பிக்கப் குறைந்தால் தமிழ்நாட்டில் யாரும் ஏர் ஃபில்டரைச் சந்தேகிப்பதில்லை. பிளக்கைச் சந்தேகிப்பதில்லை. பின்சீட்டில் நெருக்கியடித்து ஏறிய மாமனார் குடும்பத்தைச் சந்தேகிப்பதே இல்லை. நேராகக் கார்பன் மேல்தான் பழி. “உள்ளே கார்பன் அடைச்சிருக்கும் சார்” என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், வழக்கு முடிந்தது, தண்டனைதான் பாக்கி. தண்டனைகளும் பலவிதம். பிளக்கைக் கழற்றி ஓட்டைக்குள் தின்னர் ஊற்றி இரவு முழுக்க ஊறவைப்பார்கள். வேக்யூம் குழாயைப் பிடுங்கி, காய்ச்சல் பிள்ளைக்குக் கஷாயம் புகட்டும் பதத்தில் என்ஜினுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் புகட்டுவார்கள். சாதுக்கள் பெட்ரோல் டேங்கில் ஒரு பாட்டில் திரவத்தைக் கவிழ்த்துவிட்டு நல்லதே நடக்கும் என்று நம்புவார்கள். வீரர்கள் ஹெட்டையே கழற்றி விடுவார்கள். திருப்பி மாட்டும்போது நான்கு நட்டு மிச்சமிருக்கும். இவர்கள் எல்லோருக்கும் எதிராக என் கட்சி ஒன்றுதான். இன்றைய சாதாரணச் சின்னப் பெட்ரோல் காரில் கரி ஓட்டுகிற விதத்தால் வருகிறது, ஓட்டுகிற விதத்தால்தான் போகும். வீட்டு வாசலில் உட்கார்ந்து சுரண்டினால் பெரும்பாலும் போவது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். பெட்ரோல் என்பதே பெரும்பாலும் கார்பன்தான். ஒரு லிட்டரில் அறுநூறு கிராமுக்கும் மேல் இருக்கிறது. அது ஆக்ஸிஜனோடு சேர்ந்து இரண்டே கால் கிலோவுக்குக் குறையாத கரியமில வாயுவாக சைலன்சர் வழியே வெளியேறுகிறது. லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் தருகிற வண்டி 15,000 கிலோமீட்டர் ஓடினால் ஆயிரம் லிட்டர் பெட்ரோல், அதாவது அறுநூறு கிலோவைத் தாண்டிய கார்பன். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800இன் எடையே ஏறத்தாழ 650 கிலோதான். ஆக, அந்தச் சின்ன வண்டி தன் எடைக்கு எடை கார்பனைத் தன் 796 சிசி வயிற்றின் வழியே அனுப்பிவிட்டு, வழியில் சில கிராமை மட்டும் பிஸ்டன் தலையிலும் வால்விலும் விட்டுவைத்திருக்கிறது. இவ்வளவு யோக்கியமான கணக்குப்பிள்ளையைத்தான் நாம் திருட்டுப் பட்டம் கட்டித் தின்னரில் முக்குகிறோம். அந்தச் சில கிராமும் ஆண்டுக்காண்டு மலையாக வளர்வதில்லை. புதிய என்ஜினில் சில ஆயிரம் கிலோமீட்டர் வரை படிவு தடிக்கும். அதன்பிறகு படிவதும் எரிந்து உதிர்வதும் ஏறக்குறைய சமமாகி, ஒரு மட்டத்தில் நின்றுவிடும்.

ஏன் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள ஆட்டோமொபைல் படிக்க வேண்டியதில்லை. பழவேற்காடு ஏரியில், படகில் போய்ச் சேரும் ஊராகவே நெடுங்காலம் இருந்த பசியாவரத்தின் பிழைப்பைக் கவனித்தாலே போதும். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுக்குத்தான். ஏரியைக் கடலோடு சேர்க்கும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோவது அங்கே தீராத வழக்கு. மழைக்காலத்தில் ஆரணி ஆற்று வெள்ளம் இறங்கும்போது வாய் அகலமாகத் திறந்துகொள்கிறது. கோடையில் நீரோட்டம் செத்ததும் கடல் கொண்டுவரும் மணல் வாயை அடைக்கிறது. இயந்திரம் வைத்து வாரினால் திறக்கிறது. ஓட்டம் இல்லாவிட்டால் மறுபடி மூடிக்கொள்கிறது. வாருவதால் மட்டும் வாய் திறந்திருக்காது, ஓட்டம் இருந்தால்தான் திறந்திருக்கும் என்பதால்தான் இரு பக்கமும் கற்சுவர் எழுப்பி நீரை நெருக்கி ஓடவைக்கும் திட்டம் வந்தது. என்ஜினுக்குள்ளும் இதே நியாயம்தான், நீருக்குப் பதில் வெப்பம். பிளக்கின் முனை ஏறக்குறைய 450 டிகிரி சூட்டைத் தாண்டினால்தான் தன்மேல் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட ஒன்றரை கிலோமீட்டர், மாலையில் கறிவேப்பிலை வாங்க எண்ணூறு மீட்டர் என்று ஓடும் வண்டி அந்தச் சூட்டில் நிலைத்து நிற்க நேரமே கிடைப்பதில்லை. குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோலும் கொஞ்சம் தாராளமாகப் பாயும். அந்தத் தாராளத்தின் மிச்சம்தான் கரி.

ஏரியில் ஓடும் டீசல் படகுக்கும் இதே சட்டம்தான், இன்னும் கறாராக. சிறிய டீசல் என்ஜின் மாட்டிய ஃபைபர் படகு, வலை போடும் நேரமெல்லாம் சுமையே இல்லாமல் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தால் சிலிண்டர் சூடேறாது, டீசல் முழுதாக எரியாது, சைலன்சர் வாயில் கறுப்புப் பிசின் வழியும். அதே என்ஜின் முகத்துவாரம் தாண்டிக் கடலில் அலையை எதிர்த்து முக்கி முனகி ஓடினால் அதன் உள்பக்கம் துப்புரவாக இருக்கும். என்ஜினுக்கு ஓய்வு கொடுப்பதாக எண்ணி மெல்ல உறுமவிடுவது அதற்குச் செய்யும் தீங்கு என்பதை நம்மில் பலர் ஏற்பதில்லை. நம் வீட்டில் எல்லோருக்கும் ஓய்வு கொடுத்தே பழக்கம், அம்மாவைத் தவிர.

“அப்படியானால் அந்தக் கால மெக்கானிக்குகள் எல்லாம் முட்டாள்களா? ஹெட்டைக் கழற்றிச் சுரண்டித்தானே வண்டியை ஓடவைத்தார்கள்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் முட்டாள்கள் அல்லர். அவர்களுடைய வண்டி வேறு. அம்பாசடரும் பத்மினியும் கார்புரேட்டரில் ஓடின. அது குத்துமதிப்பாகப் பெட்ரோல் ஊற்றும் கருவி. பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் 2000 பிப்ரவரியில்தான் வந்தது. ஈயத்தின் உப்புகள் கரியோடு சேர்ந்து வால்விலும் பிளக்கிலும் மேலோடு கட்டும், சுரண்டாமல் தீராது. அதைவிடப் பெரிய ஆசிரியர் டூ ஸ்ட்ரோக். 1980இல் ஓசூரிலிருந்து கிளம்பிய டிவிஎஸ் 50 தொடங்கி ஆர்எக்ஸ் 100 வரை எல்லாம் பெட்ரோலோடு டூ டி ஆயிலையும் கலந்தே எரித்தவை. மண்ணெண்ணெயில் ஓடிய படகு மோட்டார்களும் அந்தக் குலம்தான். ஆயில் பாதி எரிந்து மீதி சைலன்சருக்குள் படியும், வண்டி மேடு ஏறத் திணறும். சைலன்சரைக் கழற்றி விறகு நெருப்பில் சுட்டு, ஆறியதும் தரையில் தட்டினால் கரி பாளம் பாளமாக விழும், வண்டி மறுபடி பறக்கும். கண்ணெதிரே நோய், கண்ணெதிரே மருந்து, கண்ணெதிரே பலன். இரண்டு தலைமுறை அப்படித்தான் கற்றது, தப்பாகவும் கற்கவில்லை. ஆனால் அந்த டிவிஎஸ் வண்டியே 2015இல் எக்ஸ்எல் 100 என்று ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறிவிட்டது. மாறாமல் இருப்பது நம் கை மட்டும். சைலன்சரைச் சுட்ட கை, கம்ப்யூட்டர் பார்த்துப் பார்த்துப் பெட்ரோல் அளக்கும் காரின் முன்னாலும் ஸ்பேனரைத் தேடுகிறது.

“சரி, தேவையில்லை என்றே வைத்துக்கொள்வோம். செய்தால் என்ன கெட்டுவிடும்?” இது அடுத்த தற்காப்பு, கேட்பதற்குப் பணிவாகவும் இருக்கும். கெடும். சிலிண்டருக்குள் ஊற்றிய தின்னர் பிஸ்டன் ரிங்கின் இடுக்கு வழியே கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். அதே ஆயிலோடு வண்டியை எடுத்தால் பேரிங்குகள் தின்னரில் குளித்துக்கொண்டு சுற்றும். தண்ணீர் இன்னும் ஆபத்து. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. சொட்டு மருந்து கை தவறி மடக்கு மருந்தானால் மேலே வரும் பிஸ்டன் நீர்ப்பாறையில் முட்டும், கனெக்டிங் ராடு வளையும். கரியை எடுக்கப் போனவர் என்ஜினையே எடுத்து வெளியே வைக்க வேண்டிவரும். ஒரேயடியாகப் பெயர்ந்த கரித்துண்டு எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கையில் சிக்கிக்கொண்டால் கம்ப்ரஷன் போகும். கரைந்து ஓடும் அழுக்கெல்லாம் கடைசியில் போய்ச் சேருவது ஆக்ஸிஜன் சென்சாரும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் இருக்கும் பக்கம். பிஸ்டன் தலையில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு சிட்டிகைக் கரியை எழுப்பி, காரிலேயே விலை கூடிய பாகங்களில் ஒன்றின் வாசலுக்கு அனுப்பிவைப்பதற்குச் சுத்தம் என்று பெயர் சூட்டுகிறோம்.

இங்கே ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் என் வாதமும் அந்தப் பாட்டில் விளம்பரம்போல் ஆகிவிடும். ஆல்ட்டோ, க்விட், டியாகோ போன்ற வண்டிகளில் இன்ஜெக்டர் பெட்ரோலை இன்டேக் வால்வின் முதுகுப் பக்கம் தெளிக்கிறது. பெட்ரோலே வால்வைக் கழுவிவிடுவதால் அங்கே பெரிதாக எதுவும் தங்காது. ஃப்ரான்க்ஸில் வரும் 1.0 டர்போ பூஸ்டர்ஜெட், வென்யூவின் டர்போ ஜிடிஐ போன்றவற்றில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பாய்கிறது. வால்வின் முதுகுக்குக் குளியல் கிடையாது. ஆயில் ஆவி படிந்து படிந்து காலப்போக்கில் கரியாக இறுகும். இது உண்மையான நோய்தான், ஆனால் இதற்கும் வாசல் வைத்தியம் இல்லை. டேங்கில் ஊற்றும் திரவம் அந்த வால்வைத் தொடவே தொடாது, ஏனென்றால் பெட்ரோலே தொடுவதில்லை. வெளிநாட்டுப் பட்டறைகளில் வால்நட் ஓட்டைப் பொடித்துக் காற்றழுத்தத்தில் அடித்துக் கழுவுகிறார்கள். நம் ஆட்கள் உள்ளூர்ச் சரக்கில் இறங்கிவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. பழவேற்காடு ஏரியில் சிப்பி ஓட்டுக்குக் குறைவில்லை, அதை வாரிச் சுண்ணாம்புக்கு அனுப்பிய ஊர் அது. அந்த ஓட்டை என்ஜினுக்குள் செலுத்தினால் வெற்றிலைக்கு ஆகுமே தவிர வால்வுக்கு ஆகாது.

கரியே படியாத என்ஜின் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் ஏரியின் கிழக்குக் கரையைப் பார்க்கலாம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 ஜூலை 14 அன்று சந்திரயான் 3ஐத் தூக்கிச்சென்ற எல்விஎம் 3 ராக்கெட்டின் மேல் அடுக்கு, திரவ ஹைட்ரஜனை எரிப்பது. அதில் கார்பனே கிடையாது, வெளியே வருவது நீராவி. கீழ் அடுக்குகள் கார்பன் உள்ள எரிபொருளைத்தான் எரிக்கின்றன, ஆனால் அவற்றையும் யாரும் டீகார்பன் செய்வதில்லை. வேலை முடிந்ததும் கடலில் போட்டுவிடுகிறார்கள். ஒரே ஒருமுறை ஓட்டிவிட்டுக் கடலில் எறிவது கரிப் பிரச்சினைக்கு நூறு சதவீதத் தீர்வுதான். நடுத்தரக் குடும்பத்துக்குக் கொஞ்சம் கட்டுப்படியாகாது. ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்று நிறுத்தப்படும் மீனவரின் படகு என்ஜின் கரையில் குளிர்ந்து கிடக்கும் என்பது இந்தத் தீர்வின் பக்கவிளைவு.

கடைசியாக வருவது அனுபவ சாட்சி. “செய்த மறுநாளே வண்டி பட்டுப்போல ஓடியது, மைலேஜ் கூடியது.” பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பட்டறையில் கரி எடுத்த அன்றைக்கே ஆயில் மாற்றுகிறார்கள், ஏர் ஃபில்டர் மாற்றுகிறார்கள், பிளக் மாற்றுகிறார்கள், டயருக்குக் காற்றும் அடிக்கிறார்கள். இவற்றில் எதைச் செய்தாலும் வண்டி நன்றாகத்தான் ஓடும். புகழ் மட்டும் கார்பனை எடுத்தவருக்குப் போகிறது. செலவழித்த பணத்தின் நினைவு இருக்கும்வரை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் கால் மெதுவாகத்தான் மிதிக்கும், மைலேஜ் கூடாமல் என்ன செய்யும்? கறுப்புப் புகை வந்தால் ஏர் ஃபில்டரையோ சென்சாரையோ இன்ஜெக்டரையோ பார்க்க வேண்டும். நீலப் புகை வந்தால் ரிங்கோ வால்வு சீலோ போய் ஆயில் எரிகிறது. அந்த வண்டியில் இன்று கரியைச் சுரண்டினால் அடுத்த மாதம் புதுக்கரி ரெடியாக இருக்கும். கரி சிலிண்டருக்குள் இடத்தை அடைத்துக் கம்ப்ரஷனைக் கூட்டுவதால் என்ஜின் தட்டும் என்ற பயமும் முன்னளவுக்கு இல்லை. 91 ஆக்டேன் இருந்த இடத்தில் இ20 பெட்ரோல் 95 ஆக்டேனோடு வருகிறது. இ20 மேல் வேறு புகார்கள் உண்டு, அவை வேறு கட்டுரைக்கு.

ஆகவே கை துறுதுறுக்கிறவர்களுக்கு மூன்று வேலைகளை ஒதுக்குகிறேன். பாலியீதரமைன் கலந்த நல்ல பெட்ரோல் சேர்மானத்தை ஆயில் மாற்றும் முன் ஒரு பாட்டில் ஊற்றலாம். இன்ஜெக்டருக்கும், பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பாயாத வண்டியில் இன்டேக் வால்வுக்கும் அது வேலை செய்கிறது, பிஸ்டன் தலைக்கு அற்புதம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஐடிலிங்கில் வண்டி நடுங்கினால் த்ராட்டில் பாடியைத் திறந்து, அதற்கான ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் துடைக்கலாம். எலெக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் தகட்டை விரலால் அழுத்தித் தள்ளக்கூடாது. வீட்டில் செய்யத்தக்க உண்மையான கரி வேலை இது ஒன்றுதான். அரை மணியில் முடிந்துவிடும், கையில் காயம்கூடப் படாது, அதனால்தான் யாருக்கும் பிடிப்பதில்லை. மூன்றாவது, ஏரிக்கரைக்காரர் என்றால் வாரம் ஒருமுறை பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வரை போய் வருவது. ஒரு பக்கம் இருபது கிலோமீட்டருக்குள்தான். முதல் சில கிலோமீட்டரில் என்ஜின் சூடானதும், வழியில் மாடும் ஷேர் ஆட்டோவும் விடுகிற இடங்களில், ஒரு கியர் குறைத்து 3,500 சுற்றில் கொஞ்ச நேரம் உறுமவிட்டால் மேலோட்டமான கரி தன்பாட்டுக்கு எரிந்து போகும்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை மிச்சமிருந்தால் காருக்கு அடியில் தலையை நுழைக்கலாம். ஏரிக்கரையில் நிற்கும் வண்டியைக் கொல்லப்போவது உள்ளேயிருக்கும் கரி அல்ல, வெளியேயிருக்கும் உப்புக்காற்று. சைலன்சர் மூட்டு, தரைத்தகடு, பிரேக் குழாய், பேட்டரி முனை என்று எல்லாவற்றையும் அது சத்தமில்லாமல் தின்றுகொண்டிருக்கிறது. கரி எரிந்தாவது போகும், துரு தானாகப் போகாது. நல்ல தண்ணீரை அடித்து அடிப்பக்கத்தைக் கழுவித் துருத் தடுப்புப் பூச வேண்டும். நிலத்தடி நீரே உப்பாக இருக்கும் கரையில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்டால், அது இதுவரை வந்த ஆட்சேபங்களிலேயே மிக வலுவானது. பொன்னேரிக்குப் போகத்தானே சொன்னேன், வாட்டர் வாஷையும் அங்கேயே முடித்துக்கொண்டு வரலாம்.