எதிரி இல்லாத சனிக்கிழமை

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவரைப் பார்க்க வேண்டும். சொந்த அணி இரண்டு கோல் வாங்கித் தோற்றிருக்கிறது. மழை வேறு. இழவு வீட்டிலிருந்து வருகிறவர் மாதிரி ஸ்டேடியத்தை விட்டு வெளியே வருகிறார். கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எதையோ தேடுகிறார். சட்டென்று முகம் மலர்கிறது. பக்கத்து ஊர் அணி நாலு கோல் வாங்கியிருக்கிறது! போதும். அடுத்த சனிக்கிழமை வரை வண்டி ஓடிவிடும்.

இவருக்குப் பெயர் தேவையில்லை. இங்கிலாந்துக் கால்பந்தின் கீழ் டிவிஷன்களில் ஆடும் எந்த ஊருக்குப் போனாலும் தெருவுக்கு ஒருவர் அகப்படுவார். இங்கே பார்க்கப்போவது மான்செஸ்டருக்கு வடக்கே உள்ள ராச்டேல் ஊர்க்காரரை. 1844ல் நெசவாளர்களும் இன்னும் சில தொழிலாளிகளும் சேர்ந்து ஒரு மளிகைக் கடை திறந்து, உலகத்துக்கே கூட்டுறவு என்றால் என்னவென்று காட்டிக்கொடுத்த ஊர் அது. நம்மூர்க் கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கு அதுதான் குலமுதல்வர். அந்தப் பெருமையெல்லாம் நம்மவருக்கு உண்டு. ஆனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெரி என்ற ஊரோடு மட்டும் எந்த ஒத்துழைப்பும் கிடையாது. பெரி என்ற பெயரையே முடிந்தவரை உச்சரிக்க மாட்டார். "அந்தப் பக்கத்து ஆட்கள்" என்பார், அவ்வளவுதான்.

பெயரைச் சொல்லாமல் இருப்பது இவர் ஒருவரின் கிறுக்கு என்று நினைத்துவிடக் கூடாது. லண்டனின் விம்பிள்டன் கிளப்பை 2003ல் மில்டன் கீன்ஸ் நகரத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அதற்கு முந்தைய ஆண்டே ரசிகர்கள் தங்களுக்கென்று புது விம்பிள்டனைத் தொடங்கிவிட்டார்கள். இடம் மாறிய கிளப் 'டான்ஸ்' என்ற பழைய செல்லப்பெயரையும் கூடவே எடுத்துப் போய்விட்டது. 2017ல் அந்த அணி தங்கள் மைதானத்துக்கு ஆட வந்தபோது, விம்பிள்டன்காரர்கள் ஸ்கோர் போர்டில் அதன் பெயரை முழுதாகப் போட மறுத்துவிட்டார்கள். லீக் நிர்வாகம் இதை விசாரணை வரை கொண்டுபோனது. ரசிகர்கள் அசைந்து கொடுக்கவில்லை.

ராச்டேல்காரரின் மனக்கணக்கு விசித்திரமானது. பெரி அணி 1900லும் 1903லும் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. இரண்டாவது முறை இறுதி ஆட்டத்தில் டெர்பியை 6-0 என்று அடித்தது. எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டங்களில் அதைவிடப் பெரிய வெற்றி இன்றுவரை இல்லை. 2019ல் மான்செஸ்டர் சிட்டி வந்துதான் அதைச் சமன் செய்தது. இதை நம்மவரிடம் எடுத்துப் பாருங்கள். கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல், "எங்கள் கிளப் பிறந்ததே 1907ல். நாங்கள் இல்லாத காலத்தில் ஜெயித்ததெல்லாம் ஒரு ஜெயிப்பா?" என்பார். வாதத்தில் ஓட்டை இருக்கிறது. ஆனால் அவர் சொல்லும் தோரணையில் அது தெரியாது.

தன் அணியின் வெற்றிகளைப் பற்றிப் பேச அவருக்கு அதிக நேரம் ஆகாது. 1962ல் நாலாவது டிவிஷனில் இருந்துகொண்டே லீக் கோப்பையின் இறுதிச் சுற்று வரை போனது. அங்கே நாரிச் அணியிடம் தோற்றது. 1969ல் ஒரு பதவி உயர்வு. அதோடு சரி. தோல்விகளைக் கேளுங்கள், விடிய விடியச் சொல்வார். 1973-74 சீசனில் 46 ஆட்டங்களில் இரண்டே இரண்டில் ஜெயித்து நாலாவது டிவிஷனுக்கு இறங்கியது ராச்டேல். இறங்கிய இடத்தை விட்டு எழுந்திருக்க 2010 ஆகிவிட்டது. முப்பத்தாறு வருடம்! அந்த டிவிஷனுக்கே ராச்டேல் டிவிஷன் என்று பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். நம்மவர் அதில் கோபப்படுவதில்லை. எப்படியோ ஊர்ப்பெயர் பரவுகிறதே!

அந்த 1974ல், பிப்ரவரி 5ஆம் தேதி, கேம்பிரிட்ஜ் யுனைடெட் அணியோடு ஓர் ஆட்டம். நாடு முழுவதும் மின்வெட்டு; தொழிற்சாலைகளே வாரத்தில் மூன்று நாள்தான் இயங்கின. மைதானத்தில் விளக்குப் போட வழியில்லாததால், செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் ஆட்டத்தை வைத்தார்கள். வந்தவர்கள் 450 பேர். இங்கிலாந்து லீக்கில் இவ்வளவு குறைவான கூட்டம் அபூர்வம். நம்மவர் அந்த 450ல் தானும் ஒருவர் என்று சத்தியம் செய்கிறார். அவர் வயதுக்காரர்கள் எல்லோரும் அதே சத்தியத்தைச் செய்கிறார்கள். மொத்தத்தையும் கூட்டினால் வெம்ப்ளி மைதானமே பற்றாது.

ஆட்ட நாளன்று அவரைக் கிட்டத்தில் கவனித்தால் ஒன்று தெரியும். அவர் ஆட்டம் பார்க்க வரவில்லை, குறை சொல்ல வருகிறார். கழுத்தில் நீலமும் கறுப்புமான மஃப்ளர். ஒரு கையில் ஃபிளாஸ்க், இன்னொரு கையில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த சுடச்சுட 'பை'. முதல் கடியில் குழம்பு முழங்கை வரை வழிகிறது. துடைத்துக்கொள்வதற்குள் எதிரணி ஒரு கோல் போட்டுவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் பேரன், "தாத்தா, நாமும் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களாகவே இருந்திருக்கலாமே?" என்று கேட்கிறான். தாத்தா பதில் சொல்வதில்லை. 'பை'யைக் கீழே வைக்கிறார். அது போதும், பையன் அடுத்த முறை கேட்க மாட்டான்.

பேரன் கேட்டதில் பிழையில்லை. யுனைடெட்டின் ஓல்ட் ட்ராஃபோர்டும் மான்செஸ்டர் சிட்டியின் மைதானமும் அங்கிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம்தான். ராச்டேலிலும் சரி, பெரியிலும் சரி, டிக்கெட் வாங்கி உள்ளே வந்திருக்க வேண்டிய கூட்டம் அந்த இரண்டு இடங்களுக்கும் டிவி பெட்டிக்கும் போய்விட்டது. கணக்குப் பார்த்தால் இவருடைய வயிற்றில் அடித்தது பெரி இல்லை, மான்செஸ்டர். ஆனால் ஜமீன்தாரோடு யார் மல்லுக்கு நிற்பார்கள்? வரப்புத் தகராறு எப்போதும் பங்காளியோடுதான். இன்னொன்றும் உண்டு. யுனைடெட்காரனுக்கு ராச்டேல் ஜெயித்தாலும் ஒன்றுதான், தோற்றாலும் ஒன்றுதான். பெரிக்காரன் மட்டும்தான் ராச்டேல் தோற்றால் மனதார மகிழ்வான். தன் தோல்வியை ஒருவன் இவ்வளவு அக்கறையோடு கொண்டாடுவது சிறிய கௌரவமா என்ன?

இரண்டு ஊருக்கும் நடுவில் ஹேவுட் என்று ஓர் ஊர் இருக்கிறது. கதை அங்கேதான் சூடுபிடிக்கும். நகராட்சிக் கணக்கில் அது ராச்டேலோடு சேர்ந்தது, மனக்கணக்கில் பாதிப் பாதி. ஒரே வீட்டில் அண்ணன் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம் என்று இருப்பார்கள். சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் பேச்சு இருக்காது. ராச்டேலிலிருந்து பெரிக்கு டிராமில் போக நினைத்தால் மான்செஸ்டர் வரை போய்த் திரும்பி வர வேண்டும். நேரே போக 471ஆம் எண் பஸ்தான் வழி, ஹேவுட்டைத் தொட்டுக்கொண்டு போகும். இரண்டு அணிகளும் மோதும் நாளில் அந்த பஸ்ஸின் மாடியில் யார் எங்கே உட்காருவது என்பதைச் சொல்லிக்கொடுக்க யாரும் தேவையில்லை.

நம்மவரின் வாழ்நாள் சந்தோஷம் 2018 மே மாதம் வாய்த்தது. அந்த சீசனில் ராச்டேல், பெரி, இன்னொரு பங்காளியான ஓல்டம் மூன்றும் மூன்றாவது டிவிஷனில் இருந்தன. பெரி கடைசி இடத்துக்குப் போய் எப்போதோ இறங்கிவிட்டது. கடைசி நாளில் ராச்டேல் சார்ல்டனை 1-0 என்று வென்று தப்பித்தது. ராச்டேல் தப்பித்ததால் இறங்கியது ஓல்டம். ஒரே சீசனில் இரண்டு பங்காளிகளும் படியிறங்கியதைப் பார்த்தபடி, தான் மட்டும் படியில் நின்றார். அதே ஆண்டு பிப்ரவரியில் ராச்டேல் டாட்டன்ஹாமோடு 2-2 என்று கடைசி நிமிடத்தில் சமன் செய்தது ஊருக்கே திருவிழாவாக இருந்தது. ஆனால் எது பெரிது என்று கேட்டால் அவர் மே மாதத்தைத்தான் சொல்வார்.

அடுத்த வருடம் சிக்கல் வந்தது.

பெரி கிளப் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியிருந்தது. களத்தில் ஆடி மறுபடி மூன்றாவது டிவிஷனுக்கு ஏறவும் செய்தது. ஆனால் கணக்குப் புத்தகத்தில் கடன் மட்டும்தான் இருந்தது. 2019 ஆகஸ்டில் வெளியேற்றப் போகிறார்கள் என்று தெரிந்ததும், முன்னாள் இயக்குநரான ஓர் அம்மாள் கிக் லேன் மைதானத்தின் மழைநீர்க் குழாயோடு தன்னை விலங்கிட்டுக்கொண்டார். எப்படியும் ஆட்டம் நடக்கும் என்ற நம்பிக்கையில் ரசிகர்கள் விளக்குமாறும் வாளியுமாக வந்து மைதானத்தைக் கழுவினார்கள். வேறு கிளப் ரசிகர்களும் கைகொடுத்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. ஆகஸ்ட் 27ஆம் தேதி, 1885ல் பிறந்த கிளப்பை லீக்கிலிருந்து நீக்கினார்கள்.

நம்மவர் அன்றிரவு பப்பில் முதல் ஜோக்கை அடித்தார். யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. மறுவாரம் போனைத் திறந்தவர், பெரி என்ன ஸ்கோர் என்று தேடப் போய், தேட ஒன்றும் இல்லாமல் மூடிவைத்தார். ராச்டேல் ஜெயித்த நாளிலும் ஏதோ குறைகிறது என்று முணுமுணுத்தார். ஓல்டமை வைத்து ஒப்பேற்றப் பார்த்தார். ஓல்டமும் 2022ல் லீக்கை விட்டே இறங்கிவிட்டது. 2023ல் ராச்டேலும், 102 வருடம் இருந்துவிட்டு, அதே வழியில் இறங்கியது. ஐந்தாவது டிவிஷனில் ஓல்டமைப் பார்த்தபோது அவருக்குச் சொந்தக்காரரைப் பார்த்த தெம்பு. மறு நிமிடமே திட்டத் தொடங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரி முழுதாகச் சாகவில்லை. ரசிகர்கள் சேர்ந்து புதிதாக ஒரு கிளப் தொடங்கினார்கள். 2023ல் புதிய கிளப்பின் தரப்பும் பழைய கிளப்பின் தரப்பும் ஒன்றாகி, பழைய பெயரோடு கிக் லேனுக்கே திரும்பி, ஒன்பதாவது டிவிஷனில் ஆடத் தொடங்கின. அந்த மட்டத்தில் சில நூறு பேர் வந்தாலே பெரிய விஷயம்; பெரிக்கு மூவாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். இதைக் கேள்விப்பட்டதும் நம்மவர் முதல் முறையாகப் பெயரைச் சொன்னார்: "பெரியில் மழைக்கு ஒதுங்க வேறு இடம் கிடையாது, அதனால்தான்." குரலில் பழைய தெம்பு வந்துவிட்டிருந்தது.

அவரைப் பார்க்க ஆசைப்பட்டு ராச்டேல் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், நாள் முழுக்கப் பேசுவார். ஓல்ட் ட்ராஃபோர்டுக்கு எந்த பஸ் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.